பிப்பின் கைகளும் பூட்ஸும்: 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை முதல்முறை படிப்பவர்களுக்கு

சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை ஆசையாக வாங்கி, நாற்பது பக்கம் தாண்டாமல் அலமாரியில் செருகிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். பள்ளியில் துணைப்பாடமாக வந்த சுருக்கத்தைப் படித்திருந்த தைரியத்தில் கல்லூரி நாட்களில் முழு நாவலை எடுத்தேன். மூன்றாம் நாளே மூச்சு வாங்கியது. பத்து வருடம் கழித்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்தபோதுதான் வசப்பட்டது. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிற சிலவற்றை இங்கே எழுதுகிறேன். கதையின் பெரிய திருப்பத்தைச் சொல்லமாட்டேன். அது தெரியாமல் படிக்கிற வாய்ப்பு ஒருவருக்கு ஒருமுறைதான்.

கதை இவ்வளவுதான்: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சதுப்பு நிலத்தை ஒட்டிய கிராமம். பிப் என்கிற அநாதைச் சிறுவன், அக்காள் வீட்டில் வளர்கிறான். அக்காள் கணவர் ஜோ கார்ஜரி கொல்லுப் பட்டறை வைத்திருப்பவர். பக்கத்து நகரிலுள்ள ஒரு பணக்காரச் சீமாட்டியின் வீட்டுக்கு விளையாடப் போய்வரும் பிப்புக்குத் தன் வாழ்க்கைமேல் வெறுப்பு வருகிறது. சில வருடங்களில், பெயர் சொல்ல விரும்பாத யாரோ ஒருவருடைய பணம் அவனைக் கனவானாக்க லண்டனுக்கு அனுப்புகிறது.

முதல் வேலை: சுருக்கப் பதிப்பைத் திருப்பிக் கொடுங்கள்

சுருக்கத்தில் கதை இருக்கும், நாவல் இருக்காது. உதாரணம் சொல்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து. மேசையின் மூலையில் பிப்பை நெருக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். மேசை விளிம்பு நெஞ்சில் இடிக்கிறது, பம்பிள்சூக் மாமாவின் முழங்கை கண்ணில் இடிக்கிறது. கோழிக்காலின் செதில் நிறைந்த நுனிதான் அவன் தட்டுக்கு வருகிறது. பெரியவர்கள் முறைவைத்து அவனுக்குப் புத்தி சொல்கிறார்கள், நன்றிகெட்டவன் என்கிறார்கள். ஜோவுக்கு அந்த மேசையில் வாய் திறக்கும் அந்தஸ்து கிடையாது. சொந்த வீடு, சொந்த மேசை, ஆனால் பேச முடியாது. அதனால் பிப்புக்கு ஒரு குத்தல் விழும்போதெல்லாம் அவர் செய்வது ஒன்றுதான்: அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கிரேவி ஊற்றுகிறார். குத்தல் கூடக்கூடக் கிரேவியும் கூடுகிறது.

நான் படித்த சுருக்கத்தில் இந்த விருந்து இரண்டு வரி. கிரேவி இல்லை. ஜோ யார் என்பதற்கு நாவலில் உள்ள மிகச் சிறந்த சான்று அந்தக் கிரேவிதான்.

முழு நாவல் 59 அத்தியாயம். காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கேட்டுப் படிக்க விரும்புபவர்களுக்கு லிப்ரிவாக்ஸில் ஒலிநூலும் உண்டு. காசு கொடுத்து வாங்குவதென்றால் பின்னால் குறிப்புகள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதும் பேராசிரியர்களுக்கு முடிச்சை முதல் பக்கத்திலேயே அவிழ்ப்பதில் ஒரு தனி ஆனந்தம்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

தலைப்பில் உள்ள 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற சொல்லுக்கு இன்று எதிர்பார்ப்பு என்று பொருள் கொள்கிறோம். அன்றைய ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒருவருக்கு வந்துசேரப்போகிற சொத்து. வக்கீல் ஜாக்கர்ஸ் ஊருக்கு வந்து, இந்தப் பையனுக்குப் பெரிய 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இருக்கின்றன என்று அறிவிக்கும்போது அவர் கனவைப் பற்றிப் பேசவில்லை, பணத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அடுத்தது 'ஜென்டில்மேன்'. கனவான் என்று மொழிபெயர்க்கிறோம். நல்ல மனிதர் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விக்டோரியா காலத்து வழக்கில் முதல் நிபந்தனை, கையால் உழைத்துப் பிழைக்காமல் இருப்பது. அதற்குள்ளும் விசித்திரமான கணக்குகள் உண்டு. லண்டனில் பிப்புடன் தங்கும் ஹெர்பர்ட் பாக்கெட் ஒன்றை விளக்குகிறான்: ரொட்டி சுட்டு விற்றால் கனவானாக இருக்க முடியாது; பீர் காய்ச்சி விற்றால் தாராளமாக இருக்கலாம். ஏன் என்று அவனுக்கும் தெரியாது. ஆனால் உலகம் அப்படித்தான் என்று அவனுக்குத் தெரியும். சீமாட்டி மிஸ் ஹாவிஷமின் செல்வம் முழுவதும் அப்பா பீர் காய்ச்சிச் சேர்த்தது. இரண்டு பக்கத்து உரையாடல்தான். ஒரு சமூகத்தின் கணக்குப் புத்தகமே அதில் இருக்கிறது.

பணக்கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. பிப்புக்கு 21 வயதானதும் வருடத்துக்கு 500 பவுண்டு கிடைக்கிறது. இது எவ்வளவு என்று புரிய ஓர் ஒப்பீடு: டிக்கன்ஸ் 12 வயதில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது வாங்கியது வாரத்துக்கு ஆறோ ஏழோ ஷில்லிங். ஆறு என்று வைத்தால் வருடத்துக்கு 15 பவுண்டு சொச்சம். அந்தத் தொழிற்சாலைக்குப் பிறகு வருவோம்.

முதல் அத்தியாயங்களில் வரும் சிறைக் கப்பல்களும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கியதால் கைதிகளை அங்கே அனுப்ப முடியாமல் போக, 1776 முதல் பழைய கப்பல்களைக் கரையோரம் நிறுத்திச் சிறையாக்கினார்கள். டிக்கன்ஸ் எழுதிய காலத்தில் அவை வழக்கொழிந்துவிட்டன. கதை நடப்பது அவர் எழுதியதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் முன்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேகத்தில் படிப்பது

இது ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டது அல்ல. டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 1860 டிசம்பர் 1 தொடங்கி 1861 ஆகஸ்ட் 3 வரை, 36 வாரம் தொடராக வந்தது. அப்போது இதழில் ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் எடுபடாமல் விற்பனை சரிந்ததால், சரிவைத் தூக்கி நிறுத்த ஆசிரியரே களத்தில் இறங்கினார். இதழின் விலை 2 பென்ஸ். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அத்தியாயம். தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமை தபாலை எதிர்பார்த்த தலைமுறை நம் வீடுகளிலும் இருந்தது. அந்தப் பழக்கத்தோடு படித்தால் இந்த நாவலின் கட்டுமானம் சட்டெனப் பிடிபடும். முக்கால்வாசி அத்தியாயங்கள் ஒரு கொக்கியில் முடியும்.

நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். நாவல் மூன்று பாகமாகப் பிரிகிறது: 19-ஆம் அத்தியாயம் வரை கிராமம், 39 வரை லண்டன் ஆடம்பரம், பிறகு மிச்சம். இடையில் நிறுத்த வேண்டுமென்றால் 19-இல் நிறுத்தலாம். 39-இல் மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தவும் உங்களால் முடியாது.

பெயர்களை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். சின்னப் பாத்திரம் என்று யாரையும் விட்டுவிட வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு நிமிடம் வந்து போனவர் பிற்பாடு மறுபடி வந்து நிற்பார்.

சொல்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர்

நாவல் முழுவதையும் பிப்பே சொல்கிறான். சிறுவன் பிப்புக்கு நடக்கிறது. நடுவயதுக்காரர் பிப் அதைச் சொல்கிறார். இருவரும் ஒன்றில்லை. சிறுவனுக்கு வீட்டைப் பற்றி வெட்கம். சொல்கிறவருக்கு அந்த வெட்கத்தைப் பற்றி வெட்கம். முதல்முறை படித்தபோது நான் இதைக் கவனிக்காமல் பிப்பைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவர் தன்னைத்தானே நம்மைவிடக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பது உறைக்க இரண்டாம் வாசிப்பு வேண்டியிருந்தது.

முதல் பக்கத்திலேயே இதற்குப் பயிற்சி இருக்கிறது. பிப் தன் பெற்றோரைப் பார்த்ததில்லை. கல்லறையில் செதுக்கிய எழுத்தின் வடிவத்தை வைத்து, அப்பா சதுரமான, பருத்த, கறுத்த, சுருட்டைமுடிக்காரர் என்று முடிவு கட்டுகிறான். பக்கத்தில் இறந்துபோன ஐந்து தம்பி அண்ணன்களின் சின்னஞ்சிறு கல்லறைகள்; அவர்கள் கால்சட்டைப் பையில் கை விட்டபடியே பிறந்தவர்கள் என்று நம்புகிறான். சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று ஒரு நொடி யோசித்தால் போதும். கென்ட்டில் கூலிங் என்ற ஊரின் தேவாலய முற்றத்தில் அப்படிப்பட்ட 13 குழந்தைக் கல்லறைகள் உண்மையாகவே இருக்கின்றன. 13 என்று எழுதினால் கதையில் யாரும் நம்பமாட்டார்கள்; டிக்கன்ஸ் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்.

மெதுவாகப் படிக்க வேண்டிய இடங்கள்

இந்த நாவலில் வர்க்கம் என்பது கொள்கையாக எங்குமே வராது. கையில் வரும், காலில் வரும், சாப்பாட்டு மேசையில் வரும். கைகள் எங்கெல்லாம் வருகின்றன என்று ஒரு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். நான் தரும் யோசனைகளில் உருப்படியானது இதுதான். ஆரம்பமே கைதான். தன் தம்பியைக் 'கையால் வளர்த்தேன்' என்று அக்காள் ஊரெல்லாம் பெருமையடிக்கிறாள். தாய்ப்பால் இல்லாமல் புட்டியிலோ கரண்டியிலோ ஊட்டி வளர்ப்பதற்கு அன்றைய ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பிப்புக்கு அது தெரியாது. அக்காளின் கை கனமானது, தன்மேலும் ஜோவின்மேலும் அடிக்கடி விழுவது. அதைத்தான் சொல்கிறாள் போலும் என்று எடுத்துக்கொள்கிறான்.

எட்டாம் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். கடிகாரங்களெல்லாம் எட்டு நாற்பதில் நின்றுபோன மாளிகை, மஞ்சளாய்ப் பழுத்த கல்யாண உடையில் மிஸ் ஹாவிஷம் என்று கண்ணைப் பறிக்கும் காட்சி. சினிமாக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். நீங்கள் சீட்டாட்டத்தைப் பாருங்கள். பிப்பும், அந்த வீட்டில் வளரும் பெண் எஸ்டெல்லாவும் ஆடுகிறார்கள். 'நேவ்' என்று சொல்ல வேண்டிய சீட்டை இந்தப் பையன் 'ஜாக்' என்கிறான் என்று அவள் ஏளனம் செய்கிறாள். கை எவ்வளவு சொரசொரப்பு, பூட்ஸ் எவ்வளவு தடிமன் என்கிறாள். ஆட்டம் முடிந்ததும் ரொட்டியும் இறைச்சியும் கொடுத்து, பீர்க் குவளையை முற்றத்துக் கல்தரையில் வைக்கிறாள், முகத்தைக்கூடப் பார்க்காமல், தண்டனை வாங்கிய நாய்க்கு வைப்பதுபோல. அவள் போனபிறகு பிப் தன் கையையும் பூட்ஸையும் உற்றுப் பார்க்கிறான். அதுவரை அவை அவனுக்குத் தொந்தரவு தந்ததில்லை.

உயரத்தில் இருப்பவர் தரையில் வைக்கும் குவளைக்கு என்ன பொருள் என்று தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு தேவையில்லை. எனக்கு அந்த இடத்தில் வயிறு கலங்கியது. சீட்டு விஷயத்தில் ஒரு வேடிக்கை: இன்று உலகமே 'ஜாக்' என்றுதான் சொல்கிறது. பிப்பைக் கூனிக்குறுக வைத்த சொல் ஜெயித்துவிட்டது.

பத்தொன்பதில் தையல்காரர் டிராப்பைத் தவற விடாதீர்கள். பிப் கடைக்குள் நுழையும்போது அவர் காலை உணவில் இருக்கிறார். சூடான ரொட்டியை மெத்தை மெத்தையாக அரிந்து இடையில் வெண்ணெய் செருகிக்கொண்டிருப்பவர், எழுந்திருக்கவே மனம் வரவில்லை. தனக்குச் சொத்து வந்திருப்பதாகப் பிப் சொன்ன மறுகணம் வெண்ணெய் மறந்துபோகிறது, விரல்களை மேசைத்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். டிக்கன்ஸ் கருத்து எதுவும் சொல்வதில்லை. மேசைத்துணியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

22-இல் ஹெர்பர்ட், பிப்புக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். கத்தியை வாயில் வைப்பது லண்டனில் வழக்கமில்லை, விபத்து நேரக்கூடும் என்பதற்காக, என்கிறான். மிஸ் ஹாவிஷமின் கதையைச் சொல்லிக்கொண்டே நடுநடுவே, புண்படாதபடி, ஒவ்வொரு திருத்தமாகச் சொல்கிறான். அதே மேசை நாகரிகம். எஸ்டெல்லாவின் கையில் சாட்டை, ஹெர்பர்ட்டின் கையில் உதவி.

இவை எல்லாம் 27-க்கான ஏற்பாடு. ஜோ லண்டனுக்கு வருகிறார். காசு கொடுத்து வராமல் தடுக்க முடியுமென்றால் கட்டாயம் காசு கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்கிறான். படியேறும் சத்தத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது: விசேஷத்துக்குப் போடும் அந்தப் பூட்ஸ் ஜோவுக்கு எப்போதுமே பெரிது. உள்ளே வந்தவருக்குத் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்கிறார், விழுகிறது, பாய்ந்து பிடிக்கிறார், மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. சிரித்துக்கொண்டே படித்தேன், நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டது.

வாய் வார்த்தையையும் கவனியுங்கள். தோளில் தூக்கி வளர்த்தவர் பிப்பை 'சார்' என்கிறார். நடுவில் தன்னை மறந்து பழைய அழைப்பு வந்துவிடும், உடனே திருத்திக்கொண்டு மறுபடி 'சார்'. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லாததால் அந்தப் பாரம் முழுவதையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது. நேற்றுவரை 'வாடா' என்றவர் இன்று 'வாங்க' என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் காதோடு படியுங்கள். விடைபெறும்போது ஜோ சொல்வது ஏறக்குறைய இது: இந்த உடையில் நான் சரியில்லை, பட்டறையைவிட்டு, சமையலறையைவிட்டு, சதுப்பு நிலத்தைவிட்டு வந்தால் நான் சரியில்லை, கருகிப்போன பழைய தோல்முன்றானையோடு அடைகல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வந்து பார். அப்போது அவர் வாயில் 'சார்' இல்லை.

அதே காட்சியில் எளிதில் நழுவிவிடும் ஒரு வரி இருக்கிறது. லண்டனில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, நேராகப் பூட்ஸ் மைக் கிடங்கைப் பார்க்கப் போனோம், ஆனால் விளம்பரத் தாளில் போட்டிருந்த படம் மாதிரி இல்லை என்கிறார் ஜோ. 1861-இல் படித்தவர்களுக்கு இது கிராமத்தானின் நகைச்சுவை. டிக்கன்ஸ் 12 வயதில் வேலை செய்தது தேம்ஸ் கரையிலிருந்த அப்படியொரு பூட்ஸ் மைத் தொழிற்சாலையில்தான். அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருக்க, பையன் மைக் குப்பிகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுவதும் அதை மறைத்தார். நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் சொல்லிவைத்திருந்ததை, 1870-இல் டிக்கன்ஸ் இறந்தபிறகு ஃபார்ஸ்டர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில்தான் உலகம் படித்தது. பூட்ஸைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு நாவலுக்குள், தன் பூட்ஸ் மையை ஜோவின் வாயில் ஒளித்துவைத்திருக்கிறார்.

மொழி இடறும் இடங்கள்

முதல் அத்தியாயத்தில் வரும் கைதியும் ஜோவும் பேசும் ஆங்கிலம் உச்சரிப்பை அப்படியே எழுதியது. 'விட்டில்ஸ்' என்று வரும். சாப்பாட்டுக்கான 'விட்டல்ஸ்' என்ற சொல்தான், 'வி'க்குப் பதில் 'டபிள்யூ' போட்டு எழுதியிருப்பார். கண்ணால் படித்தால் புதிர், வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும். நீண்ட வாக்கியங்களிலும் அதே வைத்தியம். அகராதியை அத்தியாயத்துக்கு மூன்று முறைக்குமேல் தொடாதீர்கள்.

சில இடங்களை வேகமாகத் தாண்டலாம். 31-இல் வரும் ஹாம்லெட் நாடகம், ஷேக்ஸ்பியர் தெரிந்தவர்களுக்கு வயிறு வலிக்கும் சிரிப்பு. தெரியாதவர்கள் புரட்டிவிடலாம், கதைக்கு நஷ்டமில்லை. வெம்மிக்கின் வீட்டை மட்டும் புரட்ட வேண்டாம். அலுவலகத்தில் இரும்பு முகத்தோடு இருக்கும் குமாஸ்தா, மாலையில் வால்வொர்த்தில் தானே கட்டிய பொம்மைக் கோட்டைக்குப் போய், பாலத்தைத் தூக்கிவிட்டு, காது கேளாத அப்பாவுக்காக இரவு ஒன்பது மணிக்குக் குட்டிப் பீரங்கி வெடிக்கிறார். அலுவலகக் கவலையை வீட்டுக்கு எடுத்துவராத கலையை இவரிடம்தான் கற்க வேண்டும்.

முடிவு இரண்டு

கடைசி அத்தியாயத்தை டிக்கன்ஸ் முதலில் வேறுமாதிரி எழுதியிருந்தார். அச்சுப்படியைப் படித்த நண்பரும் நாவலாசிரியருமான எட்வர்ட் புல்வர்-லிட்டன் வேண்டாம் என்று வற்புறுத்தியதால் மாற்றினார். தொடரிலும் நூலிலும் வந்தது மாற்றிய முடிவு. பழையதை ஃபார்ஸ்டர் தன் நூலில் வெளியிட்டார். குறிப்புகளோடு வரும் பதிப்புகளில் பெரும்பாலும் பின்னிணைப்பாக இருக்கும். முதலில் அச்சான முடிவைப் படித்து, ஓர் இரவு விட்டுவிட்டு, பிறகு பழையதைப் படியுங்கள். பழையது ஒரே பக்கம்தான்.

எங்கள் வீட்டில் இதில் இரண்டு கட்சி. மனைவி புதிய முடிவின் பக்கம். இவ்வளவு பட்டவனுக்கு அதுகூட இல்லையா என்பாள். நான் பழையதின் பக்கம். அந்தக் கடைசி வாக்கியம் பிரிவைச் சொல்கிறதா சேர்வைச் சொல்கிறதா என்பதிலேயே எங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பது தனிக்கதை. நீங்கள் முடித்துவிட்டு எந்தக் கட்சி என்று சொல்லுங்கள்.